முதற்பக்கத்துச் சித்திரமும் பாரதியாரும்

ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியாரைக் கவி என்று அறியாத தமிழர் எவரும் இரார். அவர் பத்திரிகாசிரியர் என்பதை அறிந்தவர் அதைவிடக் குறைவு. தமிழ்ப் பத்திரிகையின் முகப்பில் ராஜீய விஷயங்களைச் சித்திரமாகத் தீட்டிக் காட்டும் வழக்கம் அவருடைய பத்திரிகையில்தான் தொடங்கிற்று என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. இன்று நம் குழந்தைகள் படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால், அட்டையில் வீரன் வாயிலிருந்து கிளம்பும் பேச்சுக் குமிழைத்தான் முதலில் படிக்கின்றனர். உள்ளே இருக்கும் கதை இன்னதென்று அந்த ஒரு வாக்கியமே சொல்லிவிடுகிறது. படத்தைப் பேச வைப்பது எளிய காரியம் என்று நாம் நினைக்கிறோம். ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்குமுன் தமிழ்நாட்டில் அது சிறைவாசத்துக்கும் அஞ்ஞாத வாசத்துக்கும் இழுத்துச் செல்லக்கூடிய காரியமாயிருந்தது.

தென்னாற்காடு ஜில்லா என்று அந்நாளில் வழங்கிய இப்பகுதியினருக்கு, கடலூர் முதல் கம்மாபுரம், விருத்தாசலம் வரையிலுள்ள அனைவருக்குமே, இச்சரித்திரத்தில் ஒரு தனிப் பாத்தியதை உண்டு. பாரதியார் பத்தாண்டு ஒதுங்கி வாழ்ந்த புதுவையைச் சூழ்ந்து கிடந்தது நம் ஜில்லா. அவர் வெளியே காலெடுத்து வைத்ததும் பிடித்து அடைத்த ஊர் நம் ஜில்லாவின் தலைநகராகிய கடலூர்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர். தாய் இலக்குமி அம்மாள். ஐந்து வயதிலே தாயை இழந்தார். பதினோராம் வயதில் எட்டயபுரம் புலவர் சபையில் பாரதி என்ற பட்டம் பெற்றார். 1897இல் செல்லம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு தந்தையும் காலமானார். பின்னர்க் காசியில் சில ஆண்டு கல்வி பயின்று, எட்டயபுரம் சமஸ்தானத்தில் சிறிது காலம் இருந்து, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் 'சுதேசமித்திரன்' உதவியாசிரியராக்கினார். பத்திரிகைத் தொழில் அவரைப் பற்றிக்கொண்டது அப்போதுதான். அது அவரை இறுதிவரை விடவில்லை.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் தேசமெங்கும் சுதேசியக் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் காசிக் காங்கிரஸுக்குச் சென்ற பாரதியார், திரும்பும் வழியில் நிவேதிதா தேவியாரைத் தரிசித்து அவரைக் குருவாகக் கொண்டார். அவர் மனத்திலிருந்த கனலுக்கு நிதானம் நிறைந்த தினசரியின் பத்திகள் போதவில்லை. மண்டயம் குடும்பத்தாரின் பொருளுதவியுடன் 1906ஆம் ஆண்டு மே மாதம் 'இந்தியா' என்னும் வாரப் பத்திரிகை சென்னையில் பிறந்தது. சிவப்புத் தாளில் அச்சாயிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றையும் முகப்பில் தாங்கி வந்தது. அப்பத்திரிகைக்கு உயிராக விளங்கியவர் பாரதியார்.

தமிழில் அதற்கு முன் எந்தப் பத்திரிகையும் செய்யாத காரியம் ஒன்றை 'இந்தியா' செய்தது. முதற்பக்கத்திலே ராஜீய சித்திரம் ஒன்றை வெளியிட்டு, அதன் பொருளை விளக்கும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தது. வாசகன் தலையங்கத்துக்குப் போகுமுன்பே அந்தச் சித்திரம் அவன் கண்ணைப் பிடித்து நிறுத்தும். அந்நிய ஆட்சியின் போக்கு, சுதேசிய இயக்கத்தின் முயற்சிகள், காங்கிரஸில் நிதானக் கட்சிக்கும் தீவிரக் கட்சிக்கும் நடந்த பூசல் ஆகிய யாவும் அங்கே உருவம் பெற்றன.

பிற தேசங்களில் இக்கலை முன்னமே வளர்ந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வெளியான கேலிச் சித்திரங்களில் மனிதர் வாயிலிருந்து புகைபோல எழும் குமிழுக்குள்ளே பேச்சை எழுதும் வழக்கம் மிகுந்திருந்தது. 1841இல் தோன்றிய லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையோ பேச்சைப் பெரும்பாலும் படத்துக்குக் கீழே இறக்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தினசரிகளின் ஞாயிற்றுக்கிழமைப் படக்கதைகளில் குமிழ் மீண்டும் தலையெடுத்து, அங்கிருந்து உலகமெங்கும் பரவிற்று. இந்தியாவிலும் லக்னோவில் 1877இல் 'அவத் பஞ்ச்' தோன்றியது. பம்பாயில் 'ஹிந்தி பஞ்ச்' நடந்தது. தமிழ் இதில் பின்தங்கியிருந்தது. அக்குறையைத் தீர்த்தது 'இந்தியா'. அதில் படம் ஒன்று, விளக்கம் ஒன்று என்று இரண்டும் சேர்ந்தே பேசின.

இரண்டும் சேர்ந்திருந்ததற்குத் தக்க காரணம் உண்டு. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர். கம்மாபுரம் போன்ற ஒரு கிராமத்துக்கு அக்காலத்தில் ஒரு பத்திரிகை வந்ததென்றால், அதைப் படிக்கக்கூடியவர் கர்ணமோ திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரோதான். ஒருவர் படிக்கப் பலர் சுற்றி இருந்து கேட்பது வழக்கம். வெறும் எழுத்தாயிருந்தால் கேட்டவர் கேட்டதோடு சரி. படமும் இருந்தால், படிக்கத் தெரியாத உழவனும் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பான். விளக்கத்தை ஒருமுறை கேட்டுவிட்டானாயின், பிறகு அவனே அடுத்தவனுக்கு அதை எடுத்துச் சொல்ல வல்லவனாவான். நூற்றுக்கு 95 பேரை எட்டும் வழி அது ஒன்றே. தேசத்தின் காரியம் படித்த சிலரின் காரியம் அன்று என்பதைப் பாரதியார் மேடையில் பேசியதோடு நில்லாமல், தம் பத்திரிகையின் முகப்பிலேயே நிறைவேற்றினார்.

சர்க்கார் இதை வெறும் விளையாட்டாகக் கருதவில்லை. 1908ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தேசபக்தர்களுக்குக் கொடிய ஆண்டு. மார்ச் மாதம் வ.உ. சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலையில் அவருக்கு நாடே திடுக்கிடும்படியான தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. ஜூன் மாதம் பத்திரிகைகளை ஒடுக்கப் புதுச் சட்டம் ஒன்று பிறந்தது. ஆகஸ்டில் 'இந்தியா'வின் மீது ராஜத்துரோக வழக்கு வந்தது. ஆனால் கைதானவர் பாரதியார் அல்லர். பத்திரிகையின் ஆசிரியர் என்று சர்க்கார் பதிவில் இருந்த பெயர் எம். சீனிவாசன் என்பவருடையது. அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குப் போய்ச் சேர்ந்தார்.

பாரதியாரின் சரித்திரத்தை எழுதுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்து விடுகின்றனர். நாம் சற்று நின்று பார்த்தல் வேண்டும். பேச்சுக் குமிழுக்கு ஒரு வால் உண்டு. பேசியவர் யார் என்று காட்டுவதே அதன் வேலை. 'இந்தியா'வின் பேச்சு பாரதியாருடையது. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்த வாலோ சீனிவாசனைச் சுட்டிற்று. பேச்சின் பெருமை ஒருவருக்கும் அதன் தண்டனை மற்றொருவருக்குமாகப் பிரிந்து போயின. இதற்காகப் பாரதியாரைக் கோழை என்று இகழ்வது அறியாமை. அவர் அன்று சிறை புகுந்திருந்தால் பத்திரிகை அன்றே மாண்டிருக்கும். புதுவையில் அவர் பாடிய கண்ணன் பாட்டும், குயில் பாட்டும், பாஞ்சாலி சபதமும் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பதும் சந்தேகமே. ஆயினும் அந்த லாபத்தின் விலையை இன்னொருவர் சிறையில் இருந்து கட்டினார் என்பதை மறப்பது நன்றியாகாது. பாரதியாருக்கு விழா எடுக்கும் ஊர்களில் சீனிவாசன் பெயரை ஒருமுறையேனும் சொல்ல வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

புதுவையில் 1908 அக்டோபரிலேயே 'இந்தியா' மீண்டும் வெளிவந்தது. அச்சு யந்திரம் எல்லை கடந்து அங்கே வந்து சேர்ந்தது. முகப்புச் சித்திரங்களும் தொடர்ந்தன. 'விஜயா' என்ற தினசரி, 'சூரியோதயம்', 'கர்மயோகி' என்று வேறு பத்திரிகைகளுக்கும் பாரதியார் உழைத்தார். ஆங்கிலத்திலும் தமிழிலும் முழுதும் சித்திரங்களாகவே 'சித்ராவளி' என்னும் ஒரு பத்திரிகையை நடத்தவும் திட்டமிட்டார். அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் தமிழ்ச் சித்திரப் பத்திரிகையின் சரித்திரம் அங்கேயே தொடங்கியிருக்கும்.

நிறைவேறாமற் போனதற்குக் காரணம் சர்க்காரின் கெடுபிடி. புதுவை ஒரு தீவு போன்றது. பத்திரிகையைப் படிக்க வேண்டியவர்களோ சுற்றிலுமிருந்த பிரிட்டிஷ் எல்லையில் இருந்தார்கள். பத்திரிகை அவ்வெல்லைக்குள் நுழைவதைச் சர்க்கார் தடுத்தது. சந்தாதாரனைச் சேராத பத்திரிகை எத்தனை நாள் பிழைக்கும்? 1910 பிப்ரவரியில் பத்திரிகைச் சட்டம் இன்னும் இறுகியது. மார்ச் மாதம் 'இந்தியா' நின்றது. கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் அச்சான சித்திரங்கள் கடலூர்க்காரர் கண்ணில் படாமற் போயின.

பிறகு எட்டு ஆண்டுகள் வறுமையும் வேவுகாரரும் சூழப் பாரதியார் புதுவையில் கழித்தார். 1918 நவம்பர் 20ஆம் தேதி, இனி வருவது வரட்டும் என்று எல்லை கடந்தார். உடனே கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஸி.பி. ராமசாமி ஐயர், அன்னி பெஸன்ட் அம்மையார், 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் முதலியோரின் முயற்சியால் டிசம்பர் 14ஆம் தேதி விடுதலை பெற்றார். ஆனால் அவ்விடுதலைக்கு நிபந்தனைகள் இருந்தன. தம் எழுத்துக்களைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டிய பின்னரே வெளியிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. படிக்கத் தெரியாதவனுக்கும் தேசத்தின் பேச்சைக் கேட்கச் செய்தவருக்கு, தம் சொந்தப் பேச்சுக்கு உத்தரவு கேட்க வேண்டிய நிலை வந்தது. இருபத்து நான்கு நாள் சிறையைவிட இது கொடியது என்றே நாம் எண்ணுகிறோம்.

கடையத்தில் மனைவியின் ஊரில் சில காலம் வசித்தார். 1919இல் சென்னையில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். 1920இன் இறுதியில் தாம் தொழில் பழகிய 'சுதேசமித்திர'னுக்கே திரும்பினார். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளுண்டு, அதிலிருந்து மீண்டும், பின் வந்த வயிற்றுக் கடுப்பிலிருந்து மீளாமல், செப்டம்பர் 11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் காலமானார். வயது முப்பத்தொன்பது நிரம்பவில்லை. அவரை வழியனுப்ப வந்தவர் மிகச் சொற்பமானவர்.

அவருடைய பாடல்கள் பின்னர் வெற்றி கண்டன. 1928இல் அப்பாடல்களைப் பறிமுதல் செய்த சர்க்கார் மறைந்தது. 1949இல் சென்னை அரசாங்கம் அவற்றின் உரிமையைப் பெற்றுப் பொதுச் சொத்தாக்க வழி செய்தது. சித்திரங்களுக்கு அந்தப் பாக்கியம் எளிதில் வாய்க்கவில்லை. பழைய இதழ்களோடு அவையும் மறைந்து கிடந்தன. ஆ.இரா. வேங்கடாசலபதி அவற்றைத் திரட்டி 1994இல் நூலாக வெளியிட்ட பிறகே பொது ஜனங்கள் அவற்றை ஒருங்கே காண முடிந்தது. அதற்குள் 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் மூலம் தமிழ்ச் சிறுவர்கள் பேச்சுக் குமிழைப் படித்துப் பழகிவிட்டிருந்தார்கள்.

சிறுவர் புத்தகத்தின் அட்டையில் குமிழ் வேண்டுமா, வேண்டாமா என்று ரசிகர்கள் தர்க்கம் செய்வதுண்டு. படம் தானே பேச வேண்டும் என்பார் சிலர். பேச்சில்லாத படம் ஊமை என்பார் சிலர். பாரதியாரின் பத்திரிகை காட்டிய நெறி இவ்விரண்டுக்கும் பொதுவானது. படிக்கத் தெரியாதவனையும் முகப்பிலே நிறுத்த வேண்டும். நின்றவனை ஏமாற்றாமல் உள்ளே உண்மையைச் சொல்ல வேண்டும். உள்ளே உண்மையில்லாத புத்தகத்துக்கு முகப்பில் எத்தனை குமிழ் ஊதினாலும் அது குமிழியாகவே உடையும்.

இன்று பேசுவதற்கு நாம் போலீஸ் அதிகாரியின் உத்தரவு பெற்றுவர வேண்டியதில்லை. அந்த உரிமைக்காகக் கடலூர்ச் சிறையில் ஒரு கவி இருபத்து நான்கு நாள் இருந்தார்; அவருக்கு முன்னே, அவர் பேச்சுக்காக, ஐந்து ஆண்டுத் தண்டனையை மற்றொருவர் ஏற்றார். முதற்பக்கத்தில் படம் போடும் ஒவ்வொரு பத்திரிகையும் இவ்விருவருக்கும் கடன்பட்டது. அக்கடனைத் தீர்க்கும் வழி, பேசுவதற்கு உரிய உண்மையைப் பேசுவதும், பேசியவர் தாமே என்று முன்னே வந்து நிற்பதுமேயாகும்.