ஸ்பிட்ஃபயருக்குக் கால் அமைத்தவர்

மாதிரி விமானம் செய்யும் மாணவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் புதிய பெயரல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வான்பரப்பைக் காத்த போர் விமானம் அது. ஆனால், அதை வடிவமைத்த ரெஜினால்ட் மிட்செல் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அவரை அறிமுகப்படுத்தியது அந்த விமானத்தின் கால்கள்தான்.

சித்தியவானில் எங்கள் வீட்டில் நான் செய்துவரும் ஸ்பிட்ஃபயர் 1:48 அளவு கொண்டது. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறக்குறைய 23 செண்டிமீட்டர். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கால்களுக்குப் பதிலாக வெள்ளை உலோகத்தில் வார்த்த கால்களைப் பொருத்துகிறேன். கிந்தா பள்ளத்தாக்கிற்கு உலகப் புகழ் தேடித் தந்த ஈயம் இந்தக் கலப்பு உலோகத்தில் சேர்கிறது. மாதிரியில் கூடுதல் பாகங்கள் சேரச் சேர எடை ஏறும். மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் நாளடைவில் அகன்றுவிடும், சில ஒடிந்தும் போகும். உலோகக் கால் வளைந்தால் விரலாலேயே நிமிர்த்தலாம். ஆனால் பிளாஸ்டிக் பசை அதில் பிடிக்காது. சூப்பர் குளூ அல்லது எப்போக்சி வேண்டும்.

இந்த இரண்டு கால்களும் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான் மிட்செலின் வாழ்க்கையைப் படித்தேன்.

அவர் 1895ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷியர் வட்டாரத்தில் பிறந்தார். தந்தை ஆசிரியராக இருந்தவர். மிட்செல் பதினாறு வயதில் பள்ளியை விட்டு, ரயில் இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் பொறியியல், கணித வகுப்புகள். 1917இல் சவுத்ஹாம்டனில் இருந்த சூப்பர்மரின் விமான நிறுவனத்திற்குச் சென்றார். இரண்டே ஆண்டுகளில் தலைமை வடிவமைப்பாளரானார். அப்போது அவருக்கு வயது 24.

கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்தில் அவருடைய விமானங்கள் 1927, 1929, 1931 ஆகிய ஆண்டுகளில் வென்றன. 1931இல் அவரது எஸ்.6பி விமானம் மணிக்கு 650 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது.

அடுத்து வந்தது தோல்வி. ஆகாயப் படைக்காக அவர் வடிவமைத்த 'டைப் 224' 1934இல் பறந்தது. அதன் சக்கரக் கால்கள் மடங்காதவை. தடித்த உறைக்குள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்பார்த்த வேகம் வரவில்லை. ஆகாயப் படை அதை ஏற்கவில்லை. மிட்செல் அந்த விமானத்திற்காக வாதாடிக்கொண்டிருக்காமல், குழுவுடன் மீண்டும் வரைபலகைக்குத் திரும்பினார்.

புதிய விமானத்திற்கு மெல்லிய இறக்கையும் மடங்கும் கால்களும் வேண்டும் என முடிவாயிற்று. கால்களை உடற்பகுதிக்கு அருகில், இறக்கையின் அடிப்பகுதியில் பொருத்தி, வெளிப்புறமாக மடங்கச் செய்தார்கள். இறக்கை மிகத் தடிமனாகவும் வலுவாகவும் இருக்கும் இடம் அதுதான். தரையிறங்கும் அதிர்ச்சியை அந்த இடமே தாங்கிக்கொள்வதால், மீதி இறக்கையை எடை குறைவாகச் செய்ய முடிந்தது.

இதற்கு விலையும் உண்டு. சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.7 மீட்டர் இடைவெளிதான். அதனால் தரையில் ஓடும்போது விமானம் எளிதில் ஆட்டம் கண்டது. பிற்காலத்தில் கடற்படைக்காக மாற்றியமைக்கப்பட்ட சீஃபயர் விமானங்கள் பல, கப்பல் தளத்தில் இறங்கும்போது கால் உடைந்து சேதமடைந்தன. தரையில் கொஞ்சம் இழந்து வானத்தில் நிறையப் பெற்ற வடிவமைப்பு அது.

இந்த வேலை நடந்த காலத்தில் மிட்செல் நோயாளி. 1933இல் அவருக்குக் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டு, பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. நோய் திரும்ப வரலாம் என்று தெரிந்தும் அவர் வேலைக்குத் திரும்பினார். மறு ஆண்டே விமானம் ஓட்டும் உரிமமும் பெற்றார்.

1936ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் ஸ்பிட்ஃபயர் முதன்முறையாகப் பறந்தது. பாதுகாப்புக்காக அன்று கால்களை மடக்கவில்லை. 1937 ஜூன் 11ஆம் நாள் மிட்செல் தமது 42ஆவது வயதில் காலமானார். ஆகாயப் படை முதல் ஸ்பிட்ஃபயரைப் பெற்றது 1938 ஆகஸ்டில். அதை அவர் பார்க்கவில்லை. ஜோசப் ஸ்மித் தலைமையில் அவருடைய குழுவினர் வடிவமைப்பை மேம்படுத்திக்கொண்டே போனார்கள். மொத்தம் 20,000க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் தயாரிக்கப்பட்டன.

அதன் கதை நம் மண்ணையும் தொடுகிறது. 1954 ஏப்ரல் 1ஆம் நாள், அவசரகாலத்தின்போது, சிங்கப்பூரின் செலேத்தார் தளத்திலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் ஜோகூர் காடுகளைப் படம் எடுக்கப் புறப்பட்டது. பிரிட்டிஷ் ஆகாயப் படையின் ஸ்பிட்ஃபயர் மேற்கொண்ட கடைசிப் போர்க்களப் பணி அதுவே.

எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்கல்விக்குப் போவதைக் குறைவாக நினைக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. மிட்செல் பட்டறையில் இரும்பைத் தொட்டுப் படித்தவர். எந்தப் பாகம் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் கையால் அறிந்தவர். தொழிற்கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் தம்பி தங்கைகள் அவரைப் பற்றி வீட்டில் பேசிப் பாருங்கள்.