மேரி புன்னன் லூக்கோஸ்

கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெருவினுள் நுழைந்தால் தமிழ்ப்பேச்சு காதில் விழும். அங்கிருந்து சிறிது தொலைவில், தைக்காட்டில், மகளிர் குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. இதனைப் படிக்கும் உங்களுள் சிலர் அங்கேயே பிறந்திருக்கலாம். ஒரு காலத்தில் அம்மருத்துவமனைக்கு வரவே தாய்மார் அஞ்சினர்.

அவ்வச்சத்தைப் போக்க உழைத்த மேரி, 1886ஆம் ஆண்டு கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். மகளும் மருத்துவராக விரும்பினார். ஆயினும், பெண் என்பதனால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அவருக்கு அறிவியல் பயில இடம் கிடைக்கவில்லை. எனவே வரலாறு பயின்று 1909இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவப் பட்டமும் பெற்றார்.

1916இல் தாயகம் திரும்பிய மேரி, தைக்காட்டு மருத்துவமனையில் பணியேற்றார். அந்நாளில் பெரும்பாலும் வீடுகளிலேயே குழந்தைகள் பிறந்தன. பேறு பார்த்தவர்கள் பரம்பரை மருத்துவச்சியர். அவர்களிடம் கைப்பழக்கம் இருந்தது. ஆனால், கழுவாத கையின் வழியே கிருமி புகுந்து தாயின் உயிரைப் பறிக்கும் என்பதைப் பலர் அறியார். மேரி அவர்களை ஒதுக்கிவிடவில்லை. அவர்தம் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். அதனால் மருத்துவச்சியரின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது.

நள்ளிரவில் ஒரு தாய் வலியால் துடிக்கிறாள். செவிலி கைகளை நன்கு கழுவினாரா, கருவியைக் கொதிநீரில் இட்டாரா என்று அவள் கேட்கப் போவதில்லை. அருகில் மேலதிகாரியும் இல்லை. அவ்வேளையில் செவிலியைக் கண்காணிப்பது அவருடைய மனச்சான்று ஒன்றே. தூய்மை விதிகளைப் பாடமாகக் கற்பித்துவிடலாம். மனச்சான்றை எவ்வாறு கற்பிப்பது? நடந்து காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை போலும்.

மேரி 1917இல் வழக்கறிஞர் லூக்கோஸை மணந்தார். தம் முதற்குழந்தையை அதே மருத்துவமனையில் பெற்றெடுத்தார். பிறரைப் படுக்கச் சொன்ன கட்டிலில் தாமே படுத்தார்; தம் உயிரையும் பிள்ளையின் உயிரையும் அங்குள்ளோர் கைகளில் ஒப்படைத்தார். மருத்துவரே அவ்வாறு செய்தபின் ஊராருக்கும் மெல்ல நம்பிக்கை பிறந்தது.

1938இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். அரசு மருத்துவமனைகள் அனைத்தும் ஒரு பெண்ணின் பொறுப்பில் வந்தன. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையவும் அவரே காரணமானார். உங்களுள் சிலருடைய பாட்டியின் ஊர் அதுவாகவும் இருக்கலாம். 1975இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, தம் தொண்ணூறாம் வயதில், திருவனந்தபுரத்திலேயே அவர் மறைந்தார்.