இருபத்தொரு வயதில் ஊர் விட்ட இப்னு பதூதா

சென்ற மாதம் ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பின் என் மச்சான் மகன் கடைக்கு வந்தான். வயது இருபத்திரண்டு. இன்னும் நிக்காஹ் ஆகவில்லை. ஈப்போவில் தகப்பனார் கடையில் கல்லாவில் உட்காருகிறான். சிங்கப்பூரில் ஒரு வேலை கிடைக்கும் போலிருக்கிறது, போகலாமா, இருக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. வாலிபனிடம் போ என்று சொல்வதும் எளிது, போகாதே என்று சொல்வதும் எளிது. இரண்டுக்கும் பின்னால் வரும் கணக்கைச் சொல்வதுதான் கடினம்.

நம் சங்கத்துச் சகோதரர்களில் பலர் சபுராளிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நம் பாட்டன்மாரும் ஒரு நாள் மீசை முளைத்த வயதில் உம்மாவிடம் ஸலாம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவர்களே. ஆகவே இந்தக் கேள்வி நம் எல்லோருடைய வீட்டுக் கேள்வி. இதை நினைத்தபோது உலகப் பயணி இப்னு பதூதா அவர்களுடைய வரலாறு என் மனத்தில் வந்தது. நான் பெரிய படிப்பாளி அல்ல. மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. தெரிந்த மட்டில் எழுதுகிறேன். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்னு பதூதா அவர்களின் இயற்பெயர் முஹம்மது. மொரோக்கோ தேசத்தில் கடலோரத்தில் உள்ள தன்ஜா என்னும் ஊரில் 1304ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிறந்தார்கள். காழிகளைத் தந்த குடும்பம். அவரும் மாலிக்கி மத்ஹபின் சட்டம் படித்தார். பிறந்த ஊரிலேயே இருந்திருந்தால் நாளடைவில் ஒரு காழியாகிக் கௌரவமாக வாழ்ந்திருப்பார். வறுமையால் அவர் ஊர் விடவில்லை. ஹஜ்ஜு செய்ய வேண்டும் என்ற ஆசையும், ஊர்களைக் காண வேண்டும் என்ற ஆசையும் அவரை உந்தின.

1325ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி அவர் புறப்பட்டார். வயது இருபத்தொன்று. துணைக்கு ஆள் இல்லை. சேர்ந்து போகக் காபிலாவும் இல்லை. மனைவி மக்கள் இல்லாத தனியாள். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தனர். அவர்களைப் பிரிவது அவருக்கும் துயரமாக இருந்தது, அவர்களுக்கும் துயரமாக இருந்தது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போனார்.

புறப்பட்ட சில வாரங்களிலேயே உலகம் தன் முகத்தைக் காட்டியது. வழியில் தூனிஸ் நகரத்து வியாபாரிகளோடு சேர்ந்துகொண்டார். இறந்துபோன ஒரு வியாபாரியின் 3,000 பொற்காசுகளை அவருடைய வாரிசுகளிடம் சேர்ப்பிப்பதற்காக ஒருவர் கொண்டுபோனார். பிஜாயா என்னும் ஊரில் அதிகாரி அந்த அமானிதப் பணத்தைப் பறித்துக்கொண்டார். அநியாயம் என்பதை அந்தப் பயணத்தில் நம் வாலிபர் முதன்முதலாகக் கண்டது அங்கேதான்.

அதே ஊரில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தங்கிக் குணமான பிறகு போகலாம் என்று உடன் வந்த பெரியவர் சொன்னார். அவர் கேட்கவில்லை. மவுத்து வந்தால் மக்காவின் பாதையிலேயே வரட்டும் என்று நின்றார். அப்படியானால் உன் வாகனத்தையும் கனத்த சாமான்களையும் விற்றுவிடு, சவாரிக்கும் தங்கவும் நான் இரவல் தருகிறேன், கள்ளர் பயமுள்ள பாதையில் பாரமில்லாமல் போவதே நல்லது என்று அந்தப் பெரியவர் புத்தி சொன்னார். அதை மட்டும் கேட்டார். பிறகும் காய்ச்சல் விடவில்லை. கீழே விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சவாரி செய்தார்.

இடையில் கஸன்தீனா என்ற ஊரில் பெருமழை. உடையெல்லாம் சேறு. அந்த ஊர் அதிகாரி அதைக் கண்டு இரங்கி, உடைகளை வெளுக்கச் சொல்லிவிட்டு, புதுத்துணி ஒன்றைக் கொடுத்தார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடிந்திருந்தன. அந்நியர் கையிலிருந்து அவர் பெற்ற முதல் உதவி அது. பிஜாயாவில் ஓர் அதிகாரி பறித்தார், கஸன்தீனாவில் ஓர் அதிகாரி கொடுத்தார். பரதேசம் போகிறவன் இரண்டு வகை மனிதரையும் காண்பான்.

தூனிஸ் நகரம் வந்து சேர்ந்தபோது ஊரார் எதிர்கொண்டு வந்தார்கள். கூட வந்த ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தக்காரர் தழுவி நலம் விசாரித்தனர். இவரை யாரும் கேட்கவில்லை. இவருக்கு அங்கே யாரையும் தெரியாது. கண்ணீர் பொங்கி அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகே வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் போகும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். எவ்வளவு ஆண்டுகள் சென்றும் இப்னு பதூதா அந்த மனிதரின் ஒரு ஸலாமை மறக்கவில்லை. நம் கடைத்தெருவில் புதிதாக வந்து நிற்கும் பிள்ளையைப் பார்க்கும்போது இதை நாமும் நினைக்க வேண்டும்.

அழுத அந்த வாலிபர் தூனிஸிலிருந்து புறப்பட்டபோது எப்படிப் புறப்பட்டார் தெரியுமா? ஹஜ்ஜுக் காபிலாவின் காழியாகப் புறப்பட்டார்! வந்த சில மாதங்களிலேயே அந்தப் பதவி. காரணம், அவர் கையில் ஒரு தொழில் இருந்தது. அவர் படித்த மார்க்கச் சட்டம் முஸ்லிம்கள் வாழ்ந்த எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் நாணயமாக இருந்தது. வெறுங்கையோடு போனவர்போல் தோன்றினாலும் அவர் வெறுங்கையோடு போகவில்லை.

வழியிலேயே தூனிஸ்காரர் ஒருவரின் மகளை நிக்காஹ் செய்தார். மாமனாரோடு மனத்தாங்கல் ஏற்பட்டுப் பிரிந்தார். பின்னர் பாஸ் நகரத்தார் ஒருவரின் மகளை மணந்து, காபிலா முழுவதையும் ஒரு நாள் நிறுத்தி விருந்து வைத்தார். எகிப்தைப் பார்த்தார். 1326ஆம் ஆண்டு திமிஷ்க் நகரம் போனார். அங்கேயும் ஒரு நிக்காஹ். அந்த ஆண்டே ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

இப்போதுதான் உண்மையான கேள்வி வந்தது. புறப்பட்ட காரியம் முடிந்துவிட்டது. ஹாஜியாகத் தன்ஜாவுக்குத் திரும்பலாம். அவர் திரும்பவில்லை. இராக்கு காபிலாவோடு கிழக்கே போனார். பின்னர் யமன், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை, துருக்கி நாடு என்று போய்க்கொண்டே இருந்து, 1333ஆம் ஆண்டு சிந்து நதிக்கரையை அடைந்தார்.

டில்லிச் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் வெளிநாட்டாருக்குத் தாராளமாகக் கொடுப்பவர் என்பது அக்காலத்தில் பரவிய செய்தி. அவரைக் காணப் போகிறவர் காணிக்கை கொண்டுபோக வேண்டும். சுல்தான் அதைவிடப் பன்மடங்கு திருப்பிக் கொடுப்பார். இதையே நம்பி, புதிதாக வருவோருக்குக் காணிக்கைப் பொருளைக் கடனாகக் கொடுத்து, பின்பு லாபத்தோடு வசூலிக்கும் வியாபாரிகள் சிந்து தேசத்தில் இருந்தனர். நம் வர்க்கத்தார் எங்கேயும் வழி கண்டுபிடிப்பார்கள்!

டில்லியில் இவர் காழியானார். ஆண்டுக்கு 12,000 வெள்ளித் தீனார் சம்பளம். அந்த ஊர் மொழி சரியாகத் தெரியாது, மத்ஹபும் வேறு, ஆகையால் உதவிக்கு இருவரை நியமித்தார்கள். வரவு பெருகியது, செலவு அதைவிடப் பெருகியது. 55,000 தீனார் கடன் ஏறியது. சுல்தானே தீர்க்க வேண்டியதாயிற்று. பிறகு சுல்தானுக்கு வேண்டாத ஒரு பெரியவரைச் சந்தித்ததற்காகச் சந்தேகத்துக்கு ஆளாகிக் காவலில் வைக்கப்பட்டார். உயிர் பிழைத்ததே பெரிது. மாதக்கணக்கில் எல்லாவற்றையும் துறந்து ஏழையாக இருந்தார். பெரிய நகரம் தருவதையும், பறிப்பதையும் டில்லியில் இரண்டுமாகப் பார்த்துவிட்டார்.

பின்னர் சுல்தான் அவரையே அழைத்துச் சீன தேசத்துக்குத் தூதராக அனுப்பினார். 1342இல் புறப்பட்டார். கோழிக்கோட்டில், சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்காக இவர் கரையில் தங்கியிருந்தார். புயல் வந்தது. சுல்தானின் வெகுமதிகள் இருந்த கப்பல் உடைந்தது. இவருடைய பொருள்கள் இருந்த கப்பல் இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது பத்துத் தீனாரும், விரித்துப் படுக்க ஒரு விரிப்பும். பிறகு மாலத்தீவில் காழியாக இருந்தார். அங்கேயும் நிக்காஹ் செய்தார். மனைவி கர்ப்பமாக இருந்தபோதே அங்கிருந்து புறப்பட்டார்.

இலங்கையில் புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலையை ஜியாரத்துச் செய்துவிட்டு, நம் தமிழ்க் கரைக்கு வந்தார். அப்போது மதுரையைத் தலைநகராகக் கொண்டு மஅபர் சுல்தான்கள் ஆண்ட காலம். கரைக்கு அருகில் கப்பல் சேதமாயிற்று. பெண்களை முதலில் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இவர் உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார். மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் இவருக்குச் சகலை முறை. ஆயினும் அந்தச் சுல்தான் பெண்களையும் பிள்ளைகளையும் கூடக் கொன்ற கொடுமையைக் கண்டு இவர் மனம் வெறுத்தார், அதை மறைக்காமல் சொல்லியும் வைத்தார். மதுரையில் அந்தச் சமயம் கொள்ளைநோய். பிடித்தவர் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். இவருக்கும் காய்ச்சல் வந்தது. சுமார் ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று. பிழைத்துக்கொண்டார். நம் வீட்டு அடுப்படிப் புளிதான், அல்லாஹ் அதில் அவருக்கு ஷிபாவை வைத்திருந்தான்.

மேல்கரைப் பக்கம் கடற்கொள்ளைக்காரர் காற்சட்டையைத் தவிர எல்லாவற்றையும் பறித்தார்கள். மறுபடியும் மாலத்தீவு போனார். அங்கே விட்டுவந்த மனைவிக்குப் பிறந்த ஆண்பிள்ளை இரண்டு வயதாகியிருந்தான். பிள்ளையைக் கூட்டிப்போக நினைத்தே வந்தவர், பார்த்ததும் தாயிடம் இருப்பதே அவனுக்கு நல்லது என்று கண்டு, விட்டுவிட்டுப் போனார். வங்காளம், சுமத்ராவின் சமுத்திரா நாடு, சீனம் எல்லாம் பார்த்துவிட்டு அரபு நாடு திரும்பினார்.

சகோதரர்களே, இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். 1326இல் திமிஷ்கில் மணந்த பெண்ணையும் அவர் கர்ப்பிணியாகவே விட்டுப் போயிருந்தார். ஆண்பிள்ளை பிறந்தது என்று இந்தியாவில் இருக்கும்போது தெரிந்தது. பிள்ளையின் தாய்வழிப் பாட்டனாருக்கு 40 பொற்காசு அனுப்பி வைத்தார். பணம் போயிற்று, அவர் போகவில்லை. 1348இல் திமிஷ்க் வந்ததும் அவருக்கு இருந்த முதல் நினைவு அந்தப் பிள்ளைதான். பள்ளிவாசலில் முன்பு அறிமுகமான மாலிக்கி இமாமைக் கண்டு விசாரித்தார். அவருக்கு இவரை அடையாளமே தெரியவில்லை. பெயர் சொன்ன பிறகு, பிள்ளை இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்றார். தன்ஜாவைச் சேர்ந்த ஓர் ஆலிம் அந்நகரத்து மத்ரஸாவில் இருப்பதாகவும் சொன்னார். இவர் ஓடிப்போய்த் தம் வீட்டைப் பற்றிக் கேட்டார். தகப்பனார் வபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள், தாயார் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

கணக்குப் பார்த்தால், இவர் சிந்து நதியைக் கண்ட காலத்தை ஒட்டியே தகப்பனாரின் மையித்து எடுக்கப்பட்டிருக்கிறது. டில்லியில் பட்டுடை உடுத்திய நாளெல்லாம் இவர் தகப்பனில்லாத பிள்ளையாகவே இருந்திருக்கிறார். தெரியாமல் இருந்திருக்கிறார்.

தாயாராவது இருக்கிறாரே என்று உடனே ஓடினாரா? இல்லை. அந்த ஆண்டு ஹஜ்ஜை முடித்துக்கொண்டுதான் திரும்பினார். அப்போது பெரிய கொள்ளைநோய் நாடெங்கும் பரவியிருந்தது. 1349ஆம் ஆண்டு நவம்பரில் சொந்தத் தேசத்தை அடைந்தபோது, தாஸா என்ற ஊரில், தாயார் அந்த நோயில் வபாத்தான செய்தி கிடைத்தது. இருபத்தொரு வயதில் உம்மாவின் முகத்தைப் பார்த்துப் புறப்பட்டவர், நாற்பத்தைந்து வயதில் உம்மாவின் கபுறை ஜியாரத்துச் செய்தார்.

அதன்பின் ஸ்பெயினுக்கும், பாலைவனம் தாண்டி மாலி நாட்டுக்கும் போய்வந்தார். சுல்தான் அபூ இனானின் உத்தரவுப்படி தம் பயணங்களைச் சொல்ல, இப்னு ஜுஸய் என்பவர் எழுதினார். 1355இல் கித்தாபு முடிந்தது. கடைசிக் காலத்தில் மொரோக்கோவில் ஓர் ஊரின் காழியாக இருந்து, 1368-69 வாக்கில் வபாத்தானார்கள். அவர் சுற்றிய தூரம் 1,17,000 கிலோமீட்டர் இருக்கும் என்று பிற்காலத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவர் போயிருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். போகாவிட்டால் அந்தக் கித்தாபு ஏது? கையில் தொழிலும், உடலில் வலுவும், தோளில் குடும்பப் பாரம் இல்லாத வயதும் இருக்கும்போது போனது சரியே. ஆனால் தனியாளாக இருக்கும்போது எளிதாக இருந்த புறப்பாடு, பிறகு அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மனைவியை விட்டுப் புறப்பட்டார், பிள்ளையை விட்டுப் புறப்பட்டார், தாயாரை நினைத்தும் தாமதித்தார். ஒரு முறை ஊரை விட்டது அல்ல அவருக்கு வந்த நஷ்டம். திரும்பிப் பார்க்கும் தவணையை ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டதே நஷ்டம். கடைக்காரர்களாகிய நமக்கு, தவணை தள்ளினால் வட்டியில்லாவிட்டாலும் முதல் போய்விடும் என்பது தெரியாததா?

மச்சான் மகனிடம் இந்த வரலாற்றைத்தான் சொன்னேன். இன்று ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாள் பயணம்தான், கைப்பேசியில் முகமும் தெரியும். ஆனால் தூரம் குறைந்ததால் மட்டும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவதில்லை என்பதையும் சொன்னேன். போவதானால் போ, எந்த நாளில் திரும்பி வந்து உம்மாவைப் பார்ப்பாய் என்பதைப் போகும் முன்பே முடிவு செய்துகொண்டு போ என்றேன். பணம் அனுப்புவதை அந்தக் கணக்கில் சேர்க்காதே என்றும் சொன்னேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, முதலில் உம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் மாமா என்று சொல்லி எழுந்து போனான். என்னிடம் வருவதற்கு முன்பே அவன் அங்கே போயிருக்க வேண்டும். இப்போதாவது போனானே, அல்ஹம்து லில்லாஹ்.

வஸ்ஸலாம்.