நாஞ்சில் நாட்டு மீட் ஐயர்

1818ஆம் ஆண்டின் தொடக்கம். குளச்சல் கரையில் ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். வயது 25. துணைக்கு மனைவி இல்லை. கூட இருந்தது தாயை இழந்த ஒரு கைக்குழந்தை.

அவர் பெயர் சார்லஸ் மீட். லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய பாதிரியார். இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது அவருடைய மனைவி ஆன் உடன் வந்தார். 1816இல் இருவரும் சென்னை வந்து சேர்ந்தார்கள். மனைவியின் உடல்நிலை கெட்டது. பினாங்கில் அவர் கண்ணை மூடினார்.

மீட் ஊருக்குத் திரும்பவில்லை. குழந்தையோடு திருவிதாங்கூருக்கு வந்தார். அதற்குப்பின் 55 ஆண்டுகள் அந்த நாடே அவருக்கு வீடாயிற்று. நாஞ்சில் நாட்டு மக்கள் அவரை மீட் ஐயர் என்று அழைத்தார்கள்.

முன்னே வந்தவர்

மீட் ஐயருக்கு முன்பே ஒருவர் அங்கே வழி வெட்டி வைத்திருந்தார். அவர் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே. 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தவர். மயிலாடியில் வேதமாணிக்கம் என்ற பெரியவர் அவரை வரவேற்றார். 1809இல் மயிலாடியில் ஒரு சிறு கோயில் எழும்பியது.

ரிங்கல்தௌபே சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். உடல் நலிந்து 1816இல் அவர் ஊரை விட்டுப் போனார். அதன்பின் சபையைக் காத்து வந்தவர் வேதமாணிக்கம்தான். அந்த விளக்கு அணையாமல் இருந்த நேரத்தில் மீட் ஐயர் வந்து சேர்ந்தார்.

பாதிரியார் நீதிபதி ஆனார்

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ராணி கௌரி பார்வதி பாய். ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்தவர் கர்னல் மன்றோ. மன்றோவின் சொல்லுக்கு அரண்மனையில் மதிப்பு உண்டு. மிஷன் வேலைக்காக நாகர்கோவிலில் ஒரு பங்களா கிடைத்தது. ராணி 5,000 ரூபாயும் கொடுத்தார். அந்தப் பணத்தில் நெல்வயல்கள் வாங்கப்பட்டன. அவற்றின் வருமானம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

இன்னொரு பெரிய பொறுப்பும் தேடி வந்தது. நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு மீட் ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டார்!

மக்களுக்கு அது வியப்பாக இருந்தது. ஊழிய வேலை என்ற பெயரில் கூலி இல்லாமல் உழைத்தவர்கள் அவர்கள். தலைவரி கட்ட முடியாமல் தவித்தவர்கள். நீதிமன்ற வாசலில் கால் வைக்கவே அஞ்சியவர்கள். இப்போது தங்கள் குடிசைக்கு வந்து பேசும் ஐயரே நீதிபதி ஆசனத்தில் இருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் சபையில் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் லண்டனில் இருந்த சங்கத்தாருக்கு இது பிடிக்கவில்லை. வேதம் சொல்ல அனுப்பப்பட்டவர் சர்க்கார் உத்தியோகம் பார்க்கலாமா? அதிகாரத்தைப் பார்த்து வருகிறவர்கள் உண்மையான பக்தியோடு வருகிறார்களா? இந்தக் கேள்விகளை அவர்கள் எழுப்பினார்கள். ஏறக்குறைய ஓராண்டில் மீட் ஐயர் நீதிபதி பதவியை விட்டார். வந்த மக்களை மட்டும் அவர் விடவில்லை.

எழுத்தும் அச்சும்

1819ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் நாகர்கோவிலில் ஒரு பெரிய கோயிலுக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. இன்றும் ஹோம் சர்ச் என்ற பெயரில் அது நிமிர்ந்து நிற்கிறது. அதே காலத்தில் ஒரு கல்விச்சாலையும் நாகர்கோவிலில் வேரூன்றியது. அது வளர்ந்து 1893இல் கல்லூரி ஆயிற்று. அதுதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி.

1820இல் அச்சு இயந்திரமும் வந்தது. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய ஊரில் அச்சுத்தாள் கைக்குக் கை மாறியது. ஏட்டையே தொடாத குடும்பத்துப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப் படித்தார்கள்.

மீட் ஐயர் மறுமணம் செய்து கொண்டார். மணமகள் ஜொஹன்னா. தஞ்சாவூரில் பணி செய்த ஹார்ஸ்ட் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் மகள். மீட் ஐயரின் வேலைக்கு அவர் பெருந்துணையாக இருந்தார்.

1819 கடைசியில் மால்ட் ஐயரும் அவருடைய மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி ஏற்பட்டது. படிப்போடு லேஸ் பின்னும் தொழிலையும் மார்த்தா அம்மையார் கற்றுக் கொடுத்தார். நாகர்கோவில் லேஸ் கடல் கடந்து விலை போயிற்று. அடிமைகளாக இருந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக் கொண்டார்கள்!

தோளில் ஒரு துணி

அந்நாளில் திருவிதாங்கூரில் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது. அது வழக்கம். மீறினால் தண்டனை.

மிஷன் பள்ளியில் படித்த பெண்கள் மேலாடை உடுத்த விரும்பினார்கள். மானம் எல்லாருக்கும் ஒன்றுதானே! ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மேல்முண்டு போடுவதை ஊரார் பொறுக்கவில்லை. பாதிரியார்களின் மனைவிமார் ஒரு வழி கண்டார்கள். உடலை மூடும் தளர்வான ஒரு சட்டையைத் தைத்துக் கொடுத்தார்கள். அதன் பெயர் குப்பாயம். ஐரோப்பிய உடையை அவர்கள் அப்படியே திணிக்கவில்லை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்த உடையை ஒட்டியே அது அமைந்தது.

இருந்தும் கலகம் மூண்டது. 1822 முதல் கல்குளம், இரணியல் பகுதிகளில் பெண்கள் சந்தையில் தாக்கப்பட்டார்கள். மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று தீர்ப்பளித்தது. சில ஆண்டுகள் அமைதி.

1827இல் மறுபடியும் நெருப்பு. கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. மண்டைக்காட்டில் மீட் ஐயரின் உயிருக்கே ஆபத்து வந்தது. படைவீரர்கள் காவலுக்கு வரவேண்டியதாயிற்று. அவரே கலகத்தைத் தூண்டியவர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

1829இல் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. குப்பாயம் போடலாம், மேல்முண்டு கூடாது. பாதி வெற்றி, பாதி தோல்வி. பெண்களின் போராட்டம் நிற்கவில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1859இல், உத்திரம் திருநாள் மகாராஜா மற்றொரு பிரகடனம் செய்தார். நாடார் பெண்கள் எந்த மதத்தினராக இருந்தாலும் மேலாடை அணியலாம் என்ற உரிமை கிடைத்தது. அப்போதும் உயர்ந்த சாதியார் உடுத்தும் முறை மட்டும் கூடாது என்ற தடை ஒட்டிக் கொண்டிருந்தது.

நெய்யூர்

1828இல் மிஷன் வேலை இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதியை மால்ட் ஐயர் நாகர்கோவிலிலிருந்து கவனித்தார். மேற்குப் பகுதி மீட் ஐயருக்கு வந்தது. அவர் நெய்யூரைத் தம் இடமாக்கிக் கொண்டார்.

அங்கும் பள்ளி, அங்கும் அச்சகம். புத்தகம் கட்டுவது போன்ற கைத்தொழில்களை இளைஞர்கள் கற்றார்கள். படித்த பிள்ளை பிழைக்கவும் ஒரு தொழில் வேண்டும் என்பது மீட் ஐயரின் எண்ணம். 1838இல் ராம்சே என்ற டாக்டர் நெய்யூருக்கு வந்தார். அந்தச் சிறு தொடக்கமே பின்னாளில் பெரிய மருத்துவமனை ஆயிற்று. எவரெஸ்ட் சிகரத்தில் ஏறச் சென்ற குழுவில் இருந்த டாக்டர் சோமர்வெல் 20ஆம் நூற்றாண்டில் பணி செய்தது அங்கேதான்.

ஒரு திருமணம், ஒரு புயல்

1848இல் ஜொஹன்னா அம்மையார் காலமானார். மீட் ஐயர் மறுபடியும் தனித்து நின்றார்.

சில ஆண்டுகள் சென்றன. அவருக்கு வயது 60ஐ நெருங்கியது. அப்போது அவர் எடுத்த ஒரு முடிவு மிஷன் வட்டாரத்தையே உலுக்கியது. மிஷனில் பணிபுரிந்த தேவவரம் என்ற தமிழரின் மகள் லோயிஸ். தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்தவர். அந்தப் பெண்ணை மீட் ஐயர் முறைப்படி மணந்து கொண்டார்!

சட்டத்தில் தடை இல்லை. வேதத்திலும் தடை இல்லை. ஆனால் உடன் பணிபுரிந்த வெள்ளைக்காரப் பாதிரியார்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. வெள்ளைக்காரர் ஒருபுறம், ஊர் மக்கள் ஒருபுறம் என்று இருந்த காலம் அது. சாதிப் பற்றை விடாத உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் முகம் சுளித்தார்கள்.

கடவுள் முன் எல்லா மனிதரும் சமம் என்று சபையில் எத்தனையோ முறை போதிக்கப்பட்டிருந்தது. அந்தப் போதனை ஒருவருடைய வீட்டுக்குள் வந்து விளக்கேற்றியபோது, போதித்தவர்களாலேயே தாங்க முடியவில்லை.

30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த சங்கத்தோடு மீட் ஐயரின் உறவு அறுந்தது. நெய்யூரையும், தாம் கட்டி எழுப்பிய பள்ளிகளையும் அவர் விட்டுப் பிரிந்தார். மனைவியை விடவில்லை.

சர்க்கார் பணியில்

மிஷன் கைவிட்டவரைத் திருவிதாங்கூர் அரசு ஏற்றுக் கொண்டது. 1855இல் அவர் அரசுப் பள்ளிகளின் மேற்பார்வையாளர் ஆனார். நாஞ்சில் நாட்டில் ஓலைக்கொட்டகைப் பள்ளிகள் நடத்திய அனுபவம் இப்போது நாடு முழுவதற்கும் பயன்பட்டது. அரசு அச்சகமும் அவருடைய பார்வையில் இருந்தது.

இளமையில் சர்க்கார் உத்தியோகம் கூடாது என்று விலகியவர். முதுமையில் சர்க்கார் உத்தியோகமே அவருக்குச் சோறு போட்டது!

அதே 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதைக் கேட்டு மிஷனெரிகள் 1847இலேயே மகாராஜாவுக்கு மனு கொடுத்திருந்தார்கள். மேலாடை உரிமை கிடைத்த 1859ஆம் ஆண்டையும் மீட் ஐயர் கண்ணாரக் கண்டார்.

1873இல் திருவனந்தபுரத்தில் அவர் காலமானார். வயது 80. இங்கிலாந்தில் பிறந்தவரின் உடல் திருவிதாங்கூர் மண்ணிலேயே அடங்கியது.

மீட் ஐயரின் வேலைக்குச் சாட்சியாக நாகர்கோவிலில் கல்லூரி இருக்கிறது, கோயில் இருக்கிறது. லோயிஸை மணந்ததற்கு அப்படி ஒரு கட்டடம் இல்லை. ஆனால் ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டிலும் செய்து, அதற்குரிய விலையை அவர் கொடுத்தார். அந்த விலையை அறிந்தவர்களுக்கு, அவர் எழுப்பிய எல்லாவற்றிலும் அதுவே உயரமாகத் தெரியும்.