காந்தியடிகள் கைவிட முடியாத பால்

அண்மையில் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் என் பழைய மாணவர் ஒருவரின் மகன் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நெடுந்தொலைவு ஓட்டக்காரர். இரண்டு ஆண்டுகளாகப் பால், தயிர், நெய்யையும் விலக்கிய நனிசைவ உணவு உண்கிறார். மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும், அவற்றோடு வேர்க்கடலையும் போதும், மாத்திரை எதுவும் வேண்டாம் என்பது அவர் உறுதி. காந்தியடிகளே பாலைத் துறந்தவர்தானே என்று கேட்டார். துறந்தது உண்மை, பிறகு நடந்ததையும் அவர் அறிய வேண்டும் என்று நினைத்தேன்.

1869 அக்டோபர் 2-இல் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், புலால் உண்டால்தான் உடல் வலுப்பெறும் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, இளமையில் வீட்டாருக்குத் தெரியாமல் அதைச் சுவைத்தவர். பெற்றோரிடம் பொய் சொல்ல மனமின்றி விட்டுவிட்டார். 1888-இல் சட்டம் பயில லண்டன் சென்றபோது தாய்க்கு அளித்த வாக்கு அவரைக் காத்தது. அங்கே ஹென்றி சால்ட் எழுதிய நூலைப் படித்த பிறகு, வாக்குக்காக மட்டுமன்றி, கொள்கையாகவே சைவத்தை ஏற்றார். சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். நாள்தோறும் எட்டு முதல் பத்து மைல் நடப்பது அவர் வழக்கம்.

தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்தது. அங்கிருந்து நகருக்கு நடந்தே சென்று வந்தனர். 1912-இல் நண்பர் கல்லன்பாக்குடன் சேர்ந்து காந்தியடிகள் பாலைத் துறந்தார். பால் புலன்களைத் தூண்டும் என்று கருதியது ஒரு காரணம். கல்கத்தாவில் கறவை மாடுகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பற்றிப் படித்தது இன்னொரு காரணம். பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே அவரது உணவாயின. 1914-இல் லண்டனில் நுரையீரல் உறை அழற்சியால் அவதியுற்றபோது மருத்துவர் ஜீவராஜ் மேத்தாவும் கோகலேயும் பால் அருந்த வற்புறுத்தினர். அவர் இசையவில்லை.

1918-இல் கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் திரட்டும் பணியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைல் நடந்தார். அப்போது முதன்மை உணவு அரைத்த வேர்க்கடலையும் எலுமிச்சையும்தான். கடும் சீதபேதி வந்து மரணத்தின் விளிம்பு வரை சென்றார். மருத்துவர் தலால் பாலை வலியுறுத்த, பசு, எருமைப் பாலைத்தானே மறுத்தீர்கள், ஆட்டுப்பால் அருந்தலாமே என்று கஸ்தூர்பா கேட்டார். காந்தியடிகள் பணிந்தார். உறுதிமொழியின் சொல்லைக் காத்து அதன் உயிரைக் கைவிட்டதாக அவர் வருந்தினார். அந்தத் தோல்வியைத் தன் வரலாற்றில் மறைக்காமல் எழுதினார்.

பாலுக்கு ஈடான தாவர உணவைத் தேடுவதை அவர் நிறுத்தவில்லை. 1929-இல் சமைக்காத உணவைச் சோதித்து, உடல் தளர்ந்ததும் ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அறுபது வயதைக் கடந்து 1930-இல் தண்டிக்கு ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நடந்தபோதும் ஆட்டுப்பால் அவர் உணவில் இருந்தது. 1942-இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி எழுதியபோதும், பாலின் தேவையை மனமின்றியே ஒப்புக்கொண்டார்.

1948 ஜனவரி 30-இல் அவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வைட்டமின் பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. தாவர உணவு தராத, பாலும் புலாலும் தருகின்ற சத்து அது. 1918-இல் அவரை வீழ்த்தியது இதன் குறைபாடு என்று சொல்வதற்கில்லை, அது சீதபேதி. ஆனால், பாலில் இருப்பவை என்னென்ன என்று முழுமையாக அறியப்படாத காலத்தில் அவர் அதற்கு ஈடு தேடினார் என்பது உறுதி.

அந்த இளைஞருக்கு அந்தத் தடை இல்லை. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. அதே அளவு கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஓட்டக்காரருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 120 கிராம் வரை புரதம் தேவை. சாமையோடு பருப்பு, கடலை, சோயா சேர்த்தால் அதை எட்டலாம். தானியத்தை முளைகட்டி, நெல்லிக்காயோடு உண்டால் இரும்புச் சத்து எளிதில் உடலில் சேரும். பி12 மட்டும் மலையில் விளையாது. நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவே தேவையான அதை, இன்று நுண்ணுயிரிகளைக் கொண்டே, விலங்கின் துணையின்றித் தயாரிக்கிறார்கள். கல்லீரல் அதைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால் குறைபாடு உடனே தெரியாது. இரண்டு ஆண்டுகளாக நன்றாகத்தான் ஓடுகிறேன் என்பது அதனால் சான்றாகாது. நரம்புகள் பாதிக்கப்படும் முன்பே அதை அறிவது நல்லது.

காந்தியடிகள் கொள்கைக்காக உடலைச் சோதித்தார். உடல் சொன்னதைக் கேட்டு ஊரறிய எழுதவும் செய்தார். உறுதிமொழியை முழுமையாகக் காக்கும் வழி ஒரு சிறு மாத்திரையில் கிடைத்திருந்தால் அவர் மறுத்திருப்பாரா என்று அந்த இளைஞரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நாமக்கல் இறங்கியதும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதாக மட்டும் சொன்னார்.