பேசியது குற்றம், சோறு போட்டதும் குற்றம்!
பாப்பாரப்பட்டியில் உறங்கும் சுப்பிரமணிய சிவாவின் கதை

கொலை வழக்கு உண்டு. கொள்ளை வழக்கு உண்டு. கள்ள நோட்டு வழக்கு உண்டு. ஆனால் ஒருவர் கடற்கரை மணலில் நின்று பேசினார் என்பதற்காக அவருக்குப் பத்து வருஷமும், அவரைத் தன் வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டார் என்பதற்காக இன்னொருவருக்கு இருபது வருஷமும் தண்டனை விதித்த வழக்கு ஒன்று உண்டு. 1908-ம் ஆண்டு திருநெல்வேலியில் அது நடந்தது. சோறு போட்டவர் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. பேசியவர் சுப்பிரமணிய சிவா.

சிதம்பரம் பிள்ளையைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சிவாவின் பெயரும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வழக்கில் அவர் பட்ட தண்டனை எப்போது முடிந்தது என்று கேட்டால் பலர் 1912 என்பார்கள். ஜெயில் கதவு திறந்த வருஷம் அது. தண்டனை முடிந்ததோ 1925-ல், நம் தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்.

வத்தலக்குண்டுப் பையன்

மதுரைச் சீமை வத்தலக்குண்டில் 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி சிவா பிறந்தார். தகப்பனார் ராஜம் ஐயர். தாயார் நாகம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சுப்பராமன். குடும்பத்தில் வறுமை. மதுரையில் கொஞ்ச காலம், மலையாள நாட்டில் சத்திரத்துச் சோற்றில் கொஞ்ச காலம் என்று படிப்பு ஓடியது. சிறு வயதிலேயே கல்யாணம். மனைவி பெயர் மீனாட்சி. சிவகாசியில் போலீஸ் ஆபீஸில் குமாஸ்தாவாகவும் சேர்ந்து பார்த்தார். நிலைக்கவில்லை. பின்னாளில் எத்தனையோ போலீஸ்காரர்கள் அவர் பேச்சை எழுதியே கை ஓய்ந்தார்கள். அவரும் அந்த ஆபீஸிலேயே இருந்திருந்தால் யார் பேச்சை எழுதிக்கொண்டிருப்பாரோ!

திருவனந்தபுரத்தில் இளைஞர்களைக் கூட்டி ஒரு சமாஜம் அமைத்தார். நாட்டைப் பற்றிப் பேசினார். சமஸ்தானத்தார் அவரை எல்லையை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். கால்நடையாகவே ஊர் ஊராய்ப் பேசிக்கொண்டு வந்தவர், 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

கடற்கரையில் ஒரு குரல்

தூத்துக்குடியில் அப்போது சுதேசிக் கப்பல் கம்பெனி நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக 1906-ல் சிதம்பரம் பிள்ளை தொடங்கிய கம்பெனி அது. எங்கிருந்தோ வந்த இந்த இளைஞரின் பேச்சைக் கேட்ட பிள்ளை, அவரைத் தம் வீட்டிலேயே தங்கச் சொன்னார். அண்ணன் தம்பி போல் ஆகிவிட்டார்கள்.

மாலை நேரங்களில் கடற்கரையில் கூட்டம். சிவாவின் குரல் பெரியது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் நின்று கேட்பார்கள். கடைக்காரர், வண்டிக்காரர், துறைமுகக் கூலிகள், ஆலைத் தொழிலாளிகள் என்று எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்நியத் துணி வேண்டாம் என்றார். அந்நிய ஆட்சியும் வேண்டாம் என்றார். கூட்டத்தின் ஓரத்தில் போலீஸாரும் இருந்தார்கள்; குறிப்பு எழுதினார்கள்.

அந்த ஊர் கோரல் ஆலையில் வேலை நேரம் நீளம், கூலி அற்பம், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதும் கிடையாது. 1908 பிப்ரவரி 27-ந் தேதி தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஊரில் பணம் திரட்டி, வேலை இல்லாதவர்கள் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப் பிடித்த முதலாளிகள் கடைசியில் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது. ஓய்வு நாள் கிடைத்தது. சர்க்காருக்கு உண்மையான கவலை அன்றுதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கப்பல் கம்பெனியை நஷ்டப்படுத்திவிடலாம். கூலிக்காரனுக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் மார்ச் 9-ந் தேதி சிறையிலிருந்து விடுதலையாவதாக இருந்தது. அதைக் கொண்டாடக் கூடாது என்றது சர்க்கார். தடையை மீறிக் கொண்டாடினார்கள். கலெக்டர் விஞ்ச் துரை கூப்பிட்டு, நன்னடத்தை ஜாமீன் கொடுத்துவிட்டு ஜில்லாவை விட்டுப் போகச் சொன்னார். மறுத்தார்கள். மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளை, சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள்.

மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. முனிசிபல் ஆபீஸும் தபால் ஆபீஸும் போலீஸ் ஸ்டேஷனும் தீக்கு இரையாயின. போலீஸ் சுட்டதில் நாலு பேர் மாண்டார்கள். தூத்துக்குடியில் கடைகள் மூடிக் கிடந்தன. தொழிலாளிகள் மறுபடி வேலைக்குப் போகவில்லை. இந்த முறை அவர்கள் கேட்டது கூலி உயர்வை அல்ல, தலைவர்களின் விடுதலையை.

கோர்ட்டில் நடந்தது

கேஸ் பின்ஹே என்ற ஆங்கிலேய செஷன்ஸ் ஜட்ஜிடம் வந்தது. கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. மேஜை மேல் இருந்தவை போலீஸார் எழுதிய பேச்சுக் குறிப்புகள். அவற்றை வைத்துக்கொண்டு ராஜத் துரோகம் என்றார்கள்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற சிவா தாம் அப்படிப் பேசவில்லை என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. தாம் ஒரு சந்நியாசி என்றும், ஆன்மா கட்டிலிருந்து விடுபட வழி சொல்வது தம் தொழில் என்றும், நாடு அந்நியக் கட்டிலிருந்து விடுபடுவதும் அதே மாதிரியான காரியம்தான் என்றும் சொன்னார். வக்கீல்கள் இப்படிப்பட்ட கட்சிக்காரர்களை விரும்ப மாட்டார்கள்.

1908 ஜூலை 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்தர தண்டனை. சிதம்பரம் பிள்ளைக்கு ராஜத் துரோகத்துக்காக இருபது வருஷம். சிவாவுக்கு இடமும் உணவும் கொடுத்து உடந்தையாக இருந்ததற்காக இன்னும் இருபது வருஷம். விருந்தாளிக்குச் சோறு போடுவது நம் ஊரில் தர்மம். அந்தக் கோர்ட்டில் அது பேசியவரின் குற்றத்தைப் போல் இரண்டு மடங்குக் குற்றமாயிற்று. லண்டனில் இருந்த இந்தியா மந்திரி மார்லிக்கே இது பொறுக்கவில்லை. இந்தத் தண்டனைகளைத் தம்மால் ஆதரிக்க முடியாது என்று அவர் வைஸ்ராய் மிண்டோவுக்குக் கடிதம் எழுதினார்.

அப்பீலில் சென்னை ஹைகோர்ட் சிவாவின் தண்டனையை ஆறு வருஷமாகக் குறைத்தது. பிள்ளையின் தண்டனையும் குறைந்தது. அந்தமானுக்கு அனுப்பாமல் இருவரையும் இங்குள்ள ஜெயில்களிலேயே வைத்தார்கள். தம் வீட்டில் உண்டு உறங்கிய தம்பியும் பிள்ளையும் வெவ்வேறு ஊர்ச் சிறைகளில் பிரிந்தார்கள்.

நாலு சுவருக்குள்

அரசியல் கைதி என்று தனி வகுப்பு ஏதும் அந்தக் காலத்தில் கிடையாது. திருடனுக்கு என்ன உடையோ அதுதான் தேசபக்தனுக்கும். கழுத்தில் தண்டனை விவரம் எழுதிய மரச்சீட்டு. காலையில் கேழ்வரகுக் கூழ், பிறகு களி. நாள் முழுவதும் உடலை முறிக்கும் வேலை. திருச்சி ஜெயிலில் தொடங்கிய இந்த வாழ்வு சேலம் ஜெயிலில் முடிந்தது. அங்கே இருந்தபோதும் அவர் எழுதுவதை விடவில்லை.

அந்தச் சிறைவாசத்தில்தான் அவர் உடலில் தொழுநோய் புகுந்தது. இந்த நோய் மெள்ள வருவது. கிருமி உடலில் புகுந்து பல வருஷம் கழித்தும் வெளியே தெரியும். முதலில் தோலில் உணர்ச்சியற்ற ஒரு தேமல். பிறகு விரல்களில் மரமரப்பு. சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. புண் அதனால்தான் உண்டாகிறது. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே இதன் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர 1940-க்கு மேல் ஆகிவிட்டது. சிவாவின் காலத்தில் நீரடிமுத்து எண்ணெயை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடுகிறது.

1912 நவம்பர் 2-ந் தேதி சிவா விடுதலையானார். அடுத்த மாதம் கண்ணூர் ஜெயிலிலிருந்து சிதம்பரம் பிள்ளை வெளியே வந்தார். 1908-ல் ஊரே திரண்டு நின்ற மனிதரை வரவேற்க 1912-ல் கூட்டம் இல்லை. வாசலில் உருமாறிப்போன ஒருவர் நின்றிருந்தார் என்றும், அவர் யாரென்று பிள்ளைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை என்றும், தெரிந்த பின் கட்டிக்கொண்டு அழுதார் என்றும் அவர்கள் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வதுண்டு.

ரயில் ஏறக் கூடாது!

நோய் வந்தவர் ஓய்ந்திருக்கலாம். சிவா சென்னைக்குப் போய் 1913-ல் 'ஞானபானு' என்ற மாதப் பத்திரிகை தொடங்கினார். பாரதியாரும் சிதம்பரம் பிள்ளையும் அதில் எழுதினார்கள். 1915-ல் மனைவி மீனாட்சியம்மாள் காலமானார். ஜெயிலில் இருந்த கணவனுக்காகக் காத்திருந்து, வந்த பின் நோயாளிக் கணவனைக் கண்டவர் அந்த அம்மாள். அவரைப் பற்றி யாரும் விரிவாக எழுதி வைக்கவில்லை என்பது குறைதான்.

நோய் முற்றியது. தொத்து நோய்க்காரர் என்று சொல்லி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். மேடையில் ஏறிப் பேசுவதைத் தடுத்தால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். ரயிலில் ஏறுவதைத் தடுத்தால் யார் கேட்பார்கள்? சிவா மாட்டு வண்டியில் போனார். வண்டி கிடைக்காத இடத்தில் நடந்தார். புண்களைத் துணியால் சுற்றிக்கொண்டு, காவி உடுத்தி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அருகில் வர அஞ்சியவர்களும் தூரத்தில் நின்று கேட்டார்கள், குரல்தான் பெரிதாயிற்றே! 1921-ல் மறுபடி கைது செய்து ஜெயிலில் போட்டார்கள். உடல்நிலை மிக மோசமானதால் 1922 தொடக்கத்தில் வெளியே விட்டார்கள்.

பாப்பாரப்பட்டி

அப்படி அலைந்தவருக்கு நிழல் கொடுத்த ஊர் பாப்பாரப்பட்டி. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. தனி மாவட்டமானது 1965-ல். சேலம் ஜெயிலில் அவரை அடைத்து வைத்திருந்த அதே ஜில்லாதான் அவருக்கு வீடும் கொடுத்தது.

உள்ளூர்ப் பெரியவர் சின்னமுத்து முதலியாரும் நண்பர்களும் உதவினார்கள். ஊருக்கு அருகே நிலம் கிடைத்தது. அங்கே பாரதாசிரமம் எழுந்தது. தொழுநோயாளிக்கு ஊருக்குள் வீடு கிடைக்காத காலம் அது. தண்ணீர்ப் பானையைத் தொடவிடாத காலம். அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் அவருக்கு இடமும் உணவும் கொடுத்தார்கள். தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை செய்த அதே குற்றம்தான்!

ஆசிரமத்தில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று சிவா ஆசைப்பட்டார். ஜாதி, மத வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வந்து வணங்கும் கோயில். 1923-ல் அடிக்கல் நாட்ட வந்தவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். அவர் பெரிய பாரிஸ்டர். சிவா தண்டனை பெற்ற அதே 1908-ம் ஆண்டு கல்கத்தாவில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு தொடங்கியது. அதில் அரவிந்தருக்காக வாதாடி, 1909-ல் விடுதலை வாங்கிக் கொடுத்தவர் இந்தத் தாஸ்தான். அன்று தப்பிய கைதியின் வக்கீலும், அன்று தப்பாத கைதியும் பதினைந்து வருஷம் கழித்து இந்தச் சிற்றூரில் ஒரு கல்லின் முன் நின்றார்கள்.

கோயிலுக்குப் பணம் வேண்டும். விரல்கள் மழுங்கிய நிலையிலும் சிவா வசூலுக்காகப் புறப்பட்டுக்கொண்டே இருந்தார். வண்டிச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் புண் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை மாட்டு வண்டியில் போன பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1925 ஜூன் 16-ந் தேதி சித்தரஞ்சன் தாஸ் காலமானார். கோயில் எழும்பவில்லை. ஜூலையில் சிவா கடைசி முறையாகப் பாப்பாரப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். 23-ந் தேதி வியாழக்கிழமை விடியற்காலை அவர் மூச்சு நின்றது. நாற்பத்தோரு வயது நிறையவில்லை. அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

பின்னர் அங்கே அவருக்கு மணிமண்டபம் வந்தது. அவர் கனவு கண்ட பாரத மாதாவுக்கும் தமிழ்நாடு அரசு நினைவாலயம் கட்டி, 2021-ல் திறந்தது. தாஸ் கல் நாட்டித் தொண்ணூற்றெட்டு வருஷம் ஆகியிருந்தது. தர்மபுரி பஸ் நிலையத்தில் பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.