ராஜ்யத்தைக் கடவுளுக்குக் கொடுத்த மன்னர்

மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த ஊர் திருவட்டாறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் முழு உருவமும் தெரியும்! திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்கு இவர் மூத்தவர் என்பது ஊரார் நம்பிக்கை.

இந்த இரண்டு பெருமாள்களையும் குலதெய்வமாகக் கொண்டாடியது வேணாட்டு அரச குடும்பம். அதில் 1706-ம் ஆண்டு பிறந்தவர் மார்த்தாண்ட வர்மா.

மருமகனுக்கே பட்டம்

அந்தக் குடும்பத்தில் மகனுக்குப் பட்டம் கிடையாது. மன்னருடைய சகோதரியின் மகனுக்குத்தான் பட்டம். அந்த முறைப்படி மார்த்தாண்ட வர்மா இளவரசர் ஆனார். அவருடைய மாமா ராம வர்மாதான் அப்போது மன்னர். மாமாவின் பிள்ளைகள் பப்புத் தம்பி, ராமன் தம்பி இருவருக்கும் இது பிடிக்கவில்லை. எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பெரிய நிலப்பிரபுக்கள் தம்பிமார் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

இளவரசரைக் கொல்ல ஆட்கள் அலைந்தார்கள். அவர் ஊர் ஊராக ஒளிந்து திரிந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரத்தின் பொந்துக்குள் பதுங்கி உயிர் தப்பினார் என்று சொல்வார்கள். அந்த மரத்துக்கு அம்மச்சிப் பிலா என்று பெயர்.

1729-ம் ஆண்டு அவர் பட்டத்துக்கு வந்தார். தம்பிமார் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாருக்கு மரண தண்டனை. அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. பெண்களையும் பிள்ளைகளையும்கூட மன்னர் விட்டுவைக்கவில்லை. கடற்கரையில் மீனவர்களிடம் ஒப்படைத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. குற்றம் செய்யாத குழந்தைகளுக்கு இது கொடிய தண்டனைதான். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டான தம்பிமார் கதை, செத்துப்போன தம்பிமாருக்காகவே கண்ணீர் விடுகிறது.

குளச்சல் போர்

அந்தக் காலத்தில் மிளகு வியாபாரத்தில் கொள்ளை லாபம். டச்சுக்காரர்கள் அதற்காகவே இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, 1741-ம் ஆண்டு குளச்சலில் இறங்கினார்கள். தலைநகரான கல்குளத்தைப் பிடிப்பது அவர்கள் எண்ணம். கல்குளத்துக்கும் திருவட்டாறுக்கும் அதிக தூரம் இல்லை.

மன்னர் போருக்குப் போகும் முன் திருவட்டாறு வந்தார், ஆதிகேசவப் பெருமாள் திருமுன் வாளை வைத்து வணங்கினார் என்று இந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

டச்சுக்காரர்களை மன்னரின் படை சுற்றி வளைத்தது. ஒரு பீரங்கிக் குண்டு எதிரிகளின் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. தீ பற்றி, அவர்கள் வைத்திருந்த அரிசி முழுவதும் எரிந்துபோயிற்று! சோற்றுக்கு வழியில்லாமல் சரணடைந்தார்கள்.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரை மன்னர் கொல்லவில்லை. தம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். டிலனாய் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். 1777-ல் இறக்கும்வரை திருவிதாங்கூரிலேயே இருந்தார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு.

பத்மநாப தாசன்

வெற்றிக்குப் பிறகு, 1744-ல், கல்குளம் பத்மநாபபுரம் என்று பெயர் மாறியது. வடக்கே இருந்த சிற்றரசுகள் ஒவ்வொன்றாக மன்னர் கைக்கு வந்தன.

1750-ம் ஆண்டு அவர் ஒரு அதிசயம் செய்தார். திருவனந்தபுரம் கோயிலுக்குப் போய், வாளைப் படியில் வைத்து, நாடு முழுவதையும் பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்! அன்று முதல் அவர் பத்மநாப தாசன், சாமியின் வேலைக்காரர். பக்தியோடு யுக்தியும் அதில் இருந்தது. மன்னரை எதிர்த்தவன் இனி சாமியையே எதிர்த்தவன் அல்லவா?

1758-ல் மார்த்தாண்ட வர்மா காலமானார். திருவட்டாறு கோயிலில் 1604-ல் நடந்த கும்பாபிஷேகத்துக்குப் பிறகு நெடுங்காலம் கும்பாபிஷேகமே நடக்கவில்லை. நாட்டையே சாமிக்குக் கொடுத்த அவரும் அதைப் பார்க்கவில்லை. 418 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 6-ம் தேதிதான் அது நடந்தது.